உங்களுக்குத் தெரியுமா? இதயச் சுவரில் ஓர் ஓட்டை

● இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையே கருவில் எல்லோருக்கும் ஒரு திறப்பு உண்டு. பிறந்தபின் அது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். நடுச்சுவரே சரியாக வளராமல் தங்கிவிடும் ஓட்டைதான் ஏ.எஸ்.டி.

● இந்த ஓட்டையுள்ள குழந்தைகள் பலர் ஓடியாடி விளையாடுவார்கள். பெரியவர்களான பிறகே மூச்சிரைப்பும் படபடப்பும் தலைகாட்டலாம்.

● 1952இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் ஜான் லூயிஸ், 5 வயதுச் சிறுமியின் உடலைக் குளிரூட்டி, இதயத்தைத் திறந்து இந்த ஓட்டையைத் தைத்து மூடினார். 1953இல் ஜான் கிப்பனின் இதய-நுரையீரல் இயந்திரம் முதல் வெற்றி கண்டதும் இதே வகை ஓட்டையை மூடிய சிகிச்சையில்தான்.

● இன்று நடுச்சுவரின் மையத்திலுள்ள பல ஓட்டைகளுக்கு நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடை ரத்தக்குழாய் வழியே நிக்கல்-டைட்டானியம் வலையாலான இரட்டைத் தட்டைச் செலுத்தி அடைத்துவிடலாம். தட்டைப் பிடித்துக்கொள்ள ஓட்டையைச் சுற்றி விளிம்பு போதாவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

● 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்ல வேண்டிய கொல்லிமலை போன்ற ஊர்களுக்கு, இந்த ஓட்டையைக் கண்டறியும் பரிசோதனை தேடி வருவதே நல்லது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும். அன்று குழந்தையை அனுப்பத் தவறாதீர்கள்!