பம்ப் செட் எஞ்சினில் 24 மணி நேர ரேஸ்!

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் ரேஸில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, 'அத்தனை நேரமும் ஒருத்தரேவா ஓட்டுவார்?' என்ற சந்தேகம் பலருக்கு வந்தது. இல்லை. ஒரே வண்டியைப் பலர் மாறி மாறி ஓட்டுவார்கள்.

அந்த ரேஸுக்கு வசதி குறைந்த தம்பி ஒருவன் உண்டு. பெயர், எண்டியூரன்ஸ் கார்ட்டிங். வார நாட்களில் வேலைக்குப் போய்விட்டு, விடுமுறையில் நண்பர்களோடு காசு போட்டு ஓட்டுகிறவர்களின் ரேஸ் இது. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ அருகே டீசைடு மைதானத்தில் 24 மணி நேர கார்ட் ரேஸே நடக்கிறது.

அங்கே பிரபலமான புரோகார்ட் வண்டியில் இருப்பது ஹோண்டாவின் 163 சிசி எஞ்சின் இரண்டு. தண்ணீர் பம்பிலும் ஜெனரேட்டரிலும் ஓடுகிற அதே எஞ்சின்தான்!

வண்டிக்கு சஸ்பென்ஷன் கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் நேராக விலா எலும்பில் இறங்கும். அதனால் விலாவுக்குத் தனிக் கவசம் கட்டுகிறார்கள். சீட் பெல்ட்டும் இல்லை. மேலே கூண்டு இல்லாத வண்டி கவிழ்ந்தால், அதோடு கட்டுண்டு கிடப்பதைவிட வெளியே விழுவதே மேல் என்பது கணக்கு. (பொழுதுபோக்குக்காக கோ-கார்ட் ஓட்டப் போகிற நம்மூர்ப் பெண்கள் கூந்தலை இறுக்கி முடிந்து, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். 2018-ல் ஹரியானாவின் பிஞ்சோரில், கூந்தல் சக்கரத்தில் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார்.)

ஒல்லியாக இருப்பவருக்கு இங்கே சலுகை இல்லை. குறைகிற எடைக்கு வண்டியில் ஈயக்கட்டி ஏற்றுவார்கள். ஆள் மாறும்போது அதையும் மாற்ற வேண்டும். ஒரு மாற்றத்தில் 15 விநாடி வீணானால், இருபது மாற்றத்தில் ஐந்து நிமிடம் காலி. டிராக்கில் உயிரைக் கொடுத்து மிச்சம் பிடித்ததெல்லாம் இங்கே போய்விடும். நிஜமான போட்டியே இந்த இடத்தில்தான் எனலாம்.

மழை வந்தால் இன்னொரு வேடிக்கை. வெயிலில் எல்லோரும் ஓட்டிய தடத்தில் ரப்பர் படிந்திருக்கும். நனைந்ததும் அதுதான் வழுக்கும். கை தேர்ந்தவர்கள் அந்தத் தடத்தை விட்டு, வளைவின் வெளியோரமாகப் போவார்கள்.

பின்னிரவு மூன்று மணிக்குக் கை மரத்துப்போகும். 'இன்னும் பத்து நிமிடம் ஓட்டலாம்' என்று வீம்பு பிடித்தால் சுவரில் மோதலாம். உடைவது நாலு பேர் காசு போட்ட வண்டி. முடியவில்லை என்று சைகை காட்டி உள்ளே வந்தாலோ, அடுத்தவரை அரைத் தூக்கத்தில் எழுப்ப வேண்டும். அவர் முறைத்துக்கொண்டேதான் ஹெல்மெட்டை மாட்டுவார். மாட்டட்டும்... வண்டி முழுசாக இருக்கிறதே!