நனைந்த மடிக்கணினியும் காயாத காப்பிக் கொட்டையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

நெருப்புக்கும் நீருக்கும் பகை என்பர் பெரியோர். மின்சாரத்துக்கும் நீருக்கும் உள்ள பகையோ அதனினும் பெரிது. இவ்வுண்மையைப் பாடநூலில் படித்து மதிப்பெண்ணும் பெற்ற நான், வீட்டில் அதனை மறந்து பட்ட பாட்டையும், அதனால் கற்ற பாடத்தையும் மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் ஊர் ஏற்காட்டை அடுத்த கிளியூர். ஏற்காடு ஏரியின் உபரிநீர் அருவியாக விழுவது இங்கேதான். அம்மா காப்பித் தோட்டத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், 2018-ல் பள்ளியில் படித்த என் அக்காவுக்கு ஒரு மடிக்கணினி கிடைத்தது. அக்காவால் மேலே படிக்க இயலவில்லை; திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டாள். போகும்போது, "நீயாவது படி" என்று அதை என் கையில் கொடுத்தாள். அந்தக் கணினியின்மேல்தான் கார்த்திகை மாத இரவொன்றில் ஒரு குவளைக் காப்பியைக் கொட்டிவிட்டேன்.

பதறித் துணியால் துடைத்தேன். கணினியை அணைத்து, இரவு முழுதும் திண்ணையில் காய வைத்தேன். காலையில் தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை. பொத்தானை அழுத்தப் போனபோது அம்மா தடுத்தார். "மேல காஞ்சா ஆச்சா கண்ணு? காப்பிக் கொட்டையக் கடிச்சுப் பாத்துட்டுத்தானே மூட்டை கட்டறோம்" என்றார். "அது கொட்டை, இது கணினி" என்று சிரித்துக்கொண்டே அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது. சற்று நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. திரை இருண்டது.

நீர் செய்யும் வேலை

தூய நீர் எளிதில் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. 25 டிகிரி செல்சியசில் அதன் மின்தடை எண் ஏறத்தாழ 18 மெகா ஓம்-செ.மீ. ஆகும். ஆனால் குழாய் நீரிலும் தேநீரிலும் காப்பியிலும் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றின் அயனிகள் மின்சாரத்துக்கு வழிவிடுகின்றன. கணினியின் மின்சுற்றுப் பலகையில் செம்புத் தடங்கள் மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. இரு தடங்களுக்கு நடுவே ஒரு துளி நின்றால் போதும். வேண்டாத வழியில் மின்சாரம் பாய்ந்து உறுப்புகள் எரியலாம்.

இன்னொரு கேடும் உண்டு. நீரை மின்பகுப்புச் செய்ய 1.23 வோல்ட் போதும் என்று படித்திருக்கிறோம். மடிக்கணினியின் மின்கலமோ பெரும்பாலும் 7 வோல்ட்டுக்கு மேற்பட்டது. ஆகவே ஈரமான பலகையில் நேர்முனைச் செம்பு கரைந்து அரிக்கப்படுகிறது. எதிர்முனையில் அது கிளைகிளையாகப் படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்குகிறது. கணினியை அணைத்துவிட்டாலும் இது நிற்பதில்லை. மின்கலம் இணைந்திருக்கும் வரை பலகையின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். அன்றிரவு திண்ணையில் என் கணினி காயவில்லை, அரிபட்டுக்கொண்டிருந்தது!

செய்ய வேண்டுவன

முதலாவது, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, மின்னேற்றியைப் பிடுங்க வேண்டும். கோப்புகளைச் சேமிக்கவும் நிற்கலாகாது. அணைக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் கணினி நின்றுவிடும்.

இரண்டாவது, மின்கலத்தைக் கழற்ற வேண்டும். அது உள்ளே பொருத்தப்பட்டிருந்தால், பின்மூடியைத் திறந்து இணைப்பை எடுக்கத் தெரிந்தவரிடம் உடனே கொண்டுசெல்ல வேண்டும். மின்கலம் உப்பியிருந்தாலோ சூடேறினாலோ தொடாமல் விலகுக. லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடியது.

மூன்றாவது, கணினியை விரித்து, விசைப்பலகை கீழ்நோக்க, கூடாரம் போலக் கவிழ்த்து வைக்க வேண்டும். பலகைக்கு இறங்கும் நீர் வெளியே வடியும். துணியால் ஒற்றி எடுக்கலாம். அழுத்தித் தேய்த்தலும் குலுக்குதலும் கூடா.

நான்காவது, காப்பி, பால், குளிர்பானம் போன்றவை கொட்டியிருந்தால் காய வைத்தல் மட்டும் போதாது. நீர் ஆவியானாலும் சர்க்கரையும் உப்பும் உள்ளே தங்கும். மழைக்கால ஈரத்தை அவை மறுபடி உறிஞ்சும். ஆதலால் பலகையைத் திறந்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட மென்தூரிகையால் கழுவ வேண்டும். அது விரைவில் ஆவியாகி, எச்சம் வைக்காமல் போய்விடும்.

செய்யத் தகாதன

அரிசிக்குள் புதைத்து வைப்பது பலர் வழக்கம். அரிசி உள்ளேயுள்ள நீரை இழுத்துவிடாது. தவிடும் தூசியும்தான் துளைகளில் புகும். நனைந்த கைப்பேசியை அரிசியில் வைக்கலாகாது என்று ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்தியுள்ளது. அடுப்பருகே வைத்தலும் சூடான காற்றை ஊதுதலும் தவறே. பிளாஸ்டிக் பாகங்கள் நெளியும். மின்விசிறிக் காற்றே நலம்.

எங்களைப் போன்ற மலைவாழ் மாணவர்க்கு ஒரு சொல். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் காற்றின் ஈரப்பதம் நூறு விழுக்காட்டை நெருங்கும். அக்காற்றில் எதுவும் காயாது. தோட்டத்தில் காப்பியைக் களத்தில் பரப்பி, கிளறி, மாலையானால் மூடி வைப்பது அதனால்தானே! மலையில் ஒரு வாரம் காத்திருப்பதினும் சேலத்துக்குக் கீழிறங்குவது மேல்.

அப்படித்தான் நானும் இறங்கினேன். பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்து, பச்சை பூத்த செம்பையும் கருகிய சிறு உறுப்பையும் காட்டினார். "கொட்டின அன்னிக்கே பேட்டரியக் கழட்டியிருந்தா, தொடச்சதோட போயிருக்கும் தம்பி" என்றார். நல்வினையாக வன்தட்டில் நீர் படவில்லை. என் பாடக்குறிப்புகளும், அக்காவின் பள்ளிப் படங்களும் பிழைத்தன. கணினியும் மீண்டது. அதற்கான செலவு அம்மாவின் பத்து நாள் கூலி.

ஆகவே நண்பர்களே! நீர் கொட்டிவிட்டால், "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்ற ஆசையை முதலில் அணையுங்கள். நனைந்த கணினியைக் கெடுப்பதில் நீருக்குப் பங்கு பாதி. நம் அவசரத்துக்குப் பங்கு பாதி. பள்ளிப் படிப்பு இல்லாத என் தாய் களத்தில் கற்ற பாடத்தை, இயற்பியல் படித்த நான் பத்து நாள் கூலி கொடுத்துக் கற்றேன். மேலே காய்ந்தது உள்ளே காய்ந்ததாகாது.