ஃபைன் கட்டியாச்சு... கேஸ் முடிஞ்சுதா? இரண்டாவது முறை சிக்கினால் என்ன ஆகும்?

பிள்ளைச்சாவடியில் பைக்கை ஸ்டார்ட் செய்து ஈசிஆரில் புதுச்சேரி டவுனுக்குக் கிளம்பினால், முத்தியால்பேட்டை வருவதற்குள் ஒருமுறை தமிழ்நாட்டுக்குள் போய் வந்துவிடுவீர்கள். நடுவில் இருக்கும் பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் விழுப்புரம் மாவட்டம். போலீஸ் வேறு வேறு. சட்டம் ஒன்றுதான்: 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்.

இரண்டாவது முறை எவ்வளவு?

* பொதுவான விதிமீறல்: முதல்முறை ரூ.500 வரை, அடுத்து ரூ.1,500 வரை.
* இன்சூரன்ஸ் இல்லாத வண்டி: ரூ.2,000, அடுத்து ரூ.4,000. சிறைக்கும் வாய்ப்பு உண்டு.
* ஆபத்தான ஓட்டுதல் (செல்போன் பேசுவதும் இதில்தான்): குறைந்தபட்சம் ரூ.1,000, அதிகபட்சம் ரூ.5,000. மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் என்றால் ரூ.10,000 அல்லது 2 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.
* குடித்துவிட்டு ஓட்டினால்: ரூ.10,000, அடுத்து ரூ.15,000. இதிலும் சிறை உண்டு. ஸ்பாட் ஃபைனில் முடியாது, கோர்ட்டுக்குத்தான் போகணும்.
* ஓவர் ஸ்பீடு: இரண்டாவது முறை லைசென்ஸே பறிமுதல் ஆகலாம்.

ஹெல்மெட் விஷயம் வேறு. முதல்முறையே ரூ.1,000, கூடவே லைசென்ஸ் 3 மாதம் முடக்கம்.

'கட்டிட்டேன், முடிஞ்சுது' என்பது சரியா?

பலரும் தவறாக நினைக்கும் இடம் இதுதான். ஸ்பாட் ஃபைன் என்பது கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளும் சமரசத் தொகை. அந்தத் தொகையை மாநில அரசுகள் நிர்ணயிக்கின்றன. ஆனால், பணம் கட்டினாலும் அது 'முந்தைய குற்றம்' என்றே கணக்கில் வரும் என்கிறது சட்டத்தின் 200-வது பிரிவு. அதாவது ஃபைன் தீர்ந்துவிடும், கணக்கு தீராது. அதே தவறை மீண்டும் செய்தால், அது இரண்டாவது முறைதான்.

மாநிலங்கள் குறைக்க முடியாதா?

2019-ல் சட்டம் வந்ததுமே குஜராத் பல அபராதங்களைக் குறைத்தது. ஆனால் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே மாநிலங்கள் போக முடியாது என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. கூட்டுவதற்கு மட்டும் வழி உண்டு: 10 மடங்கு வரை மாநிலங்கள் உயர்த்தலாம்.

இப்போ என்ன செய்யலாம்?

பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய சலான் இருந்தால் தெரியும். வண்டியைத் தம்பிக்கோ நண்பருக்கோ கொடுப்பவர்கள் கட்டாயம் பார்க்கணும். ஓட்டியது அவராக இருந்தாலும், கேமராவில் விழுவது உங்கள் நம்பர் பிளேட்!