எச்3-45 என்றால் என்ன? பஸ் வீடுகளின் பெயரைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் இருக்கிற நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார். ஓய்வு பெற்ற கையோடு, சேர்த்த பணத்தில் ஒரு பஸ் வீடு வாங்கி மனைவியோடு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. விளம்பரத்தின் தலைப்பில் 2005 என்ற ஆண்டு, பிரெவோ, அதையடுத்து இன்னொரு நிறுவனத்தின் பெயர், எக்ஸ்எல்2, கடைசியில் "இரண்டு ஸ்லைடு". எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இந்த வண்டிகளைப் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்துதான் உருவாக்குகின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் பிரெவோ, எஞ்சின், சக்கரம், வெளிக்கூடு எல்லாம் சேர்த்து ஒரு வெற்று பஸ்ஸைத் தருகிறது. (எழுத்தில் பார்த்தால் 'பிரெவோஸ்ட்' மாதிரி இருக்கும். கடைசி இரண்டு எழுத்தை உச்சரிப்பதில்லை.) அதை வாங்கி உள்ளே படுக்கையறை, சமையலறை, குளியலறை, மின்சார ஏற்பாடு எல்லாம் செய்வது வேறொரு நிறுவனம். ஒரெகன் மாநிலத்து மராத்தான், இல்லினாய் மாநிலத்து லிபர்ட்டி ஆகியவை இதில் பெயர் பெற்றவை. மனை ஒருத்தருடையது, வீடு கட்டினது இன்னொருத்தர் என்கிற மாதிரி. ஒக்லஹோமாவின் நியூவெல் மட்டும் விதிவிலக்கு. கூடும் உள்வீடும் இரண்டுமே அவர்களுடைய வேலை.

ஆக, 'எச்3-45', 'எக்ஸ்3-45', 'எக்ஸ்எல்2' என்பதெல்லாம் கூட்டின் பெயர்கள். உள்ளே இருக்கும் வீட்டைப் பற்றி அவை ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. எச் வரிசை உயரம் கூடியது. எக்ஸ் வரிசை அதைவிடத் தாழ்ந்தது. எக்ஸ்எல்2-வுக்குப் பின்னால் வந்தது எக்ஸ்3. கூடவே 'விஐபி' என்று போட்டிருந்தால், பயணிகள் இருக்கை போடாமல், வீடாக்குவதற்கென்றே கொடுத்த கூடு என்று அர்த்தம். அதை சொகுசுக்குக் கொடுத்த பட்டம் என்று நினைத்துவிடக் கூடாது.

கடைசியில் வரும் 45 நீளம். 45 அடி, அதாவது ஏறத்தாழ 13.7 மீட்டர். 1991-இல் வந்த மத்திய சட்டம் ஒன்று, 45 அடி பஸ்களைத் தேசிய நெடுஞ்சாலைகளில் எல்லா மாநிலங்களும் அனுமதிக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் இந்த எண் எங்கும் பரவியது. வெறும் அளவுதானே என்று விட்டுவிட முடியாது. கலிபோர்னியாவில் 40 அடியைத் தாண்டிய வீட்டு வண்டியை ஓட்டத் தனி வகை உரிமம் வேண்டும். எல்லாச் சாலையிலும் அதைக் கொண்டுபோகவும் முடியாது. பெயரில் இருக்கிற ஒரு எண், நீங்கள் எங்கே போகலாம் என்பதையே தீர்மானிக்கிறது.

ஆனால் எல்லா 45-ம் நீளம் கிடையாது. நான் சறுக்கியது இங்கேதான். 1954 முதல் 1956 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கிரேஹவுண்டுக்காகச் செய்த புகழ்பெற்ற சீனிக்ரூசர் பஸ்ஸின் பெயர் பிடி-4501. நான் 45 அடி என்று குறித்து வைத்தேன். அந்த பஸ்ஸோ 40 அடிதான்! அங்கே 'பி' பயணிகள் பஸ் வகையையும், 'டி' டீசலையும் குறிக்கும். 45 என்பது இருக்கைக் கணக்கு. 01 அந்த வரிசையில் முதல் வடிவம். அந்த இருக்கைக் கணக்கும் தோராயம்தான். உண்மையில் போட்டது 43 இருக்கை. எம்சிஐ நிறுவனத்தின் 102-டிஎல்3-இல் கதையே வேறு. 102 என்பது அங்குலத்தில் அகலம், 3 என்பது அச்சுகள். ஒரே மாதிரி எண், மூன்று நிறுவனத்தில் மூன்று அர்த்தம். எண்ணைப் படிக்கும் முன்னால் யார் வைத்த எண் என்று கேட்க வேண்டும்.

இனி ஆண்டு. நண்பரின் பணம் சம்பந்தப்பட்ட இடம் இதுதான். கூடு ஒரு வருஷம் தயாராகும். உள்வீட்டு வேலை முடிவது அடுத்த வருஷமாகக்கூட இருக்கலாம். விளம்பரத்தில் எந்த ஆண்டைப் போடுகிறார்கள்? பல நேரம் பிந்தையதை. கூட்டின் ஆண்டைத் தெரிந்துகொள்ள 17 இலக்க வின் எண்ணைக் கேட்டு வாங்கி, இடமிருந்து பத்தாவது இடத்தைப் பாருங்க. 2001 முதல் 2009 வரை 1 முதல் 9. 2010-க்கு 'ஏ', 2011-க்கு 'பி' என்று போகும். முதல் இலக்கம் 2 என்றால் கனடாவில் செய்தது.

ஒரு வருஷ வித்தியாசம் பெரிசா என்று கேட்கலாம். விலையில் பெரிசு. எஞ்சினிலும் பெரிசாக இருக்கலாம். அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2007-லும் 2010-லும் இறுகின. முதல் மாற்றத்தோடு புகை வடிகட்டி வந்தது. இரண்டாவதோடு பெரும்பாலான எஞ்சின்களில் யூரியா கரைசல் ஊற்றும் முறை வந்தது. அந்த எல்லை ஆண்டுகளை ஒட்டி வாங்குகிறவர்கள், எஞ்சினின் தகட்டில் இருக்கும் தயாரிப்பு ஆண்டையும் தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

'இரண்டு ஸ்லைடு' என்றால், வண்டி நின்ற பிறகு சுவரின் இரண்டு பகுதிகள் வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும். உள்வீட்டு நிறுவனங்கள் பல, தங்கள் வண்டிக்கு ஒரு வரிசை எண்ணும் தருகின்றன. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பழைய பராமரிப்பு விவரம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். வின் எண்ணைக் கேட்டு வாங்கினார். பத்தாவது இடத்தில் 4. விற்பவர் பொய் சொல்லவில்லை. உள்வீடு முடிந்தது 2005-இல்தான். ஆனால் நண்பர் இப்போது விலை பேசுவது 2004 கூட்டுக்கு. அந்த வித்தியாசத்தில் அவர்கள் எத்தனை மாதம் ஊர் சுற்றலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாராம்.