உறைக்கும் கிரீஸ் வேண்டும்

டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்கு விசையைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. சாஃப்ட்டுக்கு எதற்காகக் கிரீஸ் வைக்கிறோம் என்று கேட்டால், மூட்டில் உள்ள சிலுவை வடிவக் கிராஸ் தேயாமல் இருக்கத்தான் என்று பதில் வரும். சரியான பதில், ஆனால் பாதிதான். சாஃப்ட்டின் மேல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையும் கிரீஸை நம்பித்தான் இருக்கிறது. அந்த உறையை நம்பித்தான் பக்கத்தில் நிற்பவரின் உயிர் இருக்கிறது.

உறை இல்லாத சாஃப்ட் என்ன செய்யும் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றே காட்டிவிடும். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. சாஃப்ட்டின் விட்டம் 7 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு ஏறக்குறைய 22 செ.மீ.; ஒரு நொடியில் கிட்டத்தட்ட 2 மீட்டர் துணியை அது இழுத்துச் சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டி முழுதும் போக ஒரு நொடி போதும். துணி சுற்றச் சுற்றத் தண்டு பருத்து, இழுப்பு இன்னும் விரைவாகும். 'நான் பழகினவன், ஜாக்கிரதையாக இருப்பேன்' என்று சொல்பவர்கள் உண்டு. துண்டு மாட்டியதை உணர்ந்து கையை எடுக்க அரை நொடி ஆனாலும் அதற்குள் சாஃப்ட் நாலரைச் சுற்று சுற்றிவிடும். அனுபவம் அந்த அரை நொடியைக் குறைத்துத் தராது.

உறை சாஃப்ட்டோடு ஒட்டியிருப்பதில்லை. முனைகளில் உள்ள வளையங்களின் மேல் அது உட்கார்ந்திருக்கும். உள்ளே சாஃப்ட் சுழலும்போது உறை சுழலாதபடி சிறு சங்கிலி பிடித்துக்கொள்ளும். அந்த வளையங்கள் வறண்டால் உரசிச் சூடாகித் தேயும். உறை இறுகி, சாஃப்ட்டோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். சங்கிலி அறும், பிளாஸ்டிக் விரியும். பிறகு யாரோ அதைக் கழற்றிக் கொட்டகை மூலையில் போடுவார்கள். கழற்றியவரைக் குறை சொல்கிறோம். கிரீஸ் காணாத நாள்களை நாம் எண்ணுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் குழாய்களுக்கும் இதே கதைதான். அவை வறண்டு இறுகிவிட்டால், ரோட்டவேட்டரைத் தூக்கி இறக்கும்போது சாஃப்ட் நீளவும் குறுகவும் முடியாமல் டிராக்டரின் பேரிங்கையும் கியர் பாக்ஸையும் நெட்டித் தள்ளும்.

'உறை இருப்பதால்தானே நிப்பிளுக்கு கிரீஸ் கன் எட்டவில்லை, அதனால்தான் கழற்றினோம்' என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பல உறைகளில் இதற்கென்றே திறப்பு இருக்கிறது. சிலவற்றைப் பூட்டு நீக்கிப் பின்னால் நகர்த்தலாம். சாஃப்ட்டைக் கையால் மெல்லத் திருப்பினால் நிப்பிள் திறப்புக்கு நேராக வந்து நிற்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு நேரம் ஏது என்றும் கேட்பார்கள். கிராஸுக்கு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பரவலான அளவு. சரியான இடைவெளி சாஃப்ட்டோடு வந்த கையேட்டில் இருக்கும். காலையில் வயலில் இறங்குமுன் சில நிமிடம் போதும். கிராஸ் உடைந்தால் போவது ஒரு நாள் வாடகை. நேரத்தை மிச்சப்படுத்த நினைத்து எஞ்சினை ஓடவிட்டபடியே கிரீஸ் அடிப்பதுதான் கூடவே கூடாத காரியம். கருவியைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வைத் துண்டித்து, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சுழற்சி முழுதும் நின்றபின்தான் கிட்டே போக வேண்டும். நிப்பிளில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல் கிரீஸ் அடித்தால் மண்ணும் உள்ளே போய்க் கிராஸை அரைக்கும்.

உறையோடுதான் விற்க வேண்டும் என்று தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தலாம். ஆனால் வாங்கிய மூன்றாம் வருடமும் அந்த உறை அங்கேயே இருக்குமா என்பது கிரீஸ் கன் பிடிக்கும் கையைப் பொறுத்தது. சோதித்துப் பார்ப்பதும் எளிது. எஞ்சின் அணைந்திருக்கும்போது சங்கிலியைக் கழற்றி, உறையைக் கையால் திருப்பிப் பாருங்கள். சாஃப்ட் அசையாமல் உறை மட்டும் இலகுவாகச் சுழன்றால் நல்லது. சங்கிலியை மாட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். இரண்டும் சேர்ந்து திரும்பினால், அன்றைய உழவுக்கு முன் அந்த வளையங்களைக் கவனிக்க வேண்டும்.