நீ யார் என்று கேட்பது யார்?

கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், ‘உமக்கு வேற வேலை இல்லையா? பேச எவ்வளவோ கிடக்கே’ என்றார். கிடக்கத்தான் செய்கிறது. ஆனால் நாவலின் முதல் பத்தியைப் பற்றியும் சினிமாவின் முதல் காட்சியைப் பற்றியும் விடிய விடியப் பேசுகிற நாம், பத்து லட்சம் சொற்கள் அளவுக்கு எழுதப்பட்ட, ஒருவர் முப்பது நாற்பது மணி நேரம் உட்கார்ந்து வாசித்துத் தீர்க்கிற ஒரு பிரதியின் தொடக்கத்தை மட்டும் ‘அது பசங்க சமாச்சாரம்’ என்று தள்ளிவிடுவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. சுட்டுக்கொண்டே ஓடுகிற விளையாட்டுகளை நான் சொல்லவில்லை. பாத்திரமேற்கும் விளையாட்டுகள் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் நீங்கள் ஓர் ஆளாக ஆகவேண்டும். அந்த ஆள் பேசுவதை, செய்வதை, செய்யாமல் விடுவதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். சிக்கல் இந்த ‘ஆகவேண்டும்’ என்பதில்தான் இருக்கிறது.

இந்த வகையின் மூலம் கம்ப்யூட்டர் அல்ல, காகிதம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் முன்னோடி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுவது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள். பெயர், இனம், தொழில், வலிமை இத்தனை, அறிவு இத்தனை. கணிப்பொறிக்கு வந்தபோது மேசை போனது, நண்பர்கள் போனார்கள், தாள் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. மேசையில் அந்தத் தாளோடு மல்லுக்கட்டலாம், ‘இது ஏன் இப்படி’ என்று எதிரே இருப்பவரிடம் கேட்கலாம். திரையில் யாரிடம் கேட்பது? கதை இன்னும் தொடங்கியே இருக்காது. அதற்குள் படிவம் வந்து நிற்கும். வாசகன் பிரதியை வாசிப்பதற்கு முன்னால் பிரதி வாசகனை எழுதிவிடுகிறது.

2003 வாக்கில் அக்காள் மகன் ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ என்ற விளையாட்டைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். திரையில் இனங்களின் பட்டியல். மனிதன், குள்ளன், எல்ஃப், பாதி ஓர்க். பாதி ஓர்க் என்றால் வலிமையில் 2 கூடும், அறிவில் 2 குறையும், வசீகரத்தில் 2 குறையும். பையன் கேட்டான்: ‘மாமா, இதுல எது ஒசத்தி?’ அதே வாரம்தான் அவனுடைய பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்திருந்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ மழுப்பியிருப்பேன். ஆனால் திரையிடம் பதில் இருந்தது, எண்களாக. அந்தக் குடும்பத்து விதிநூலின் 2024 பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு உயிர்வகையைக் குறிக்கிற ஒரு சொல்லைப் போட்டார்கள். அறிவையும் வலிமையையும் கூட்டித் தருகிற எண்களைப் பிறப்பிலிருந்து பிரித்து, வளர்ந்த பின்னணியோடு சேர்த்தார்கள். நல்லது. படிவம் அப்படியேதான் இருக்கிறது.

நல்ல தொடக்கம் என்றால் எடுத்த எடுப்பிலேயே சண்டை வேண்டும், வெடிக்க வேண்டும், ஆளை உள்ளே இழுத்துப் போட வேண்டும் என்பார்கள். அது வியாபாரிகளின் கவலை. எனக்குத் தோன்றுவது வேறு. இந்தப் படிவத்தைக் கதைக்கு வெளியே, கேள்வி கேட்க முடியாத ஓர் இடத்தில் வைத்துவிடுவது சாதாரணத் தொடக்கம். படிவத்தைக் கதைக்குள் இழுத்துவந்து, அதை நீட்டுகிற கையை நம் கண்ணில் காட்டுவதுதான் பெரிய தொடக்கம். ‘நீ யார்’ என்ற கேள்வியைவிட அதைக் கேட்பது யார், எந்த அதிகாரத்தில் கேட்கிறார் என்பது முக்கியம்.

முதலில் இதை உணர்ந்தவர் ரிச்சர்ட் கேரியட் என்று நினைக்கிறேன். 1985-இல் வந்த அவரது ‘அல்டிமா 4’-இல் எண்கள் நிரப்பும் படிவம் கிடையாது. சீட்டு வைத்துக் குறி சொல்கிற ஒரு நாடோடிப் பெண் இருக்கிறாள். நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டு அறங்கள். இரண்டிரண்டாக எடுத்து மோதவிட்டு ஏழு கேள்விகள் கேட்கிறாள். இரண்டும் நல்லவைதான், ஒன்றை விட்டாக வேண்டும். ‘ரெண்டும் வேணாம்’ என்று சொல்ல இடமில்லை. கடைசியில் மிஞ்சுகிற அறம் உங்கள் தொழிலைத் தீர்மானிக்கும். வீரம் மிஞ்சினால் போர்வீரன். பணிவு மிஞ்சினால் ஆடு மேய்ப்பவன், இருப்பதிலேயே பலவீனமான ஆள். பணிவைத் தேர்ந்தெடுத்தவனுக்கு அதற்கான கூலியைக் கையோடு கொடுத்துவிடுகிறார்கள்! இந்தக் குரூரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குறி சொல்பவள் அதோடு மறைந்துவிடுகிறாள். அவளுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

2002-இல் பெதஸ்டா வெளியிட்ட ‘மோரோவிண்ட்’ அதைக் கேட்கவைத்தது. கப்பலின் அடித்தளத்தில் கைதியாக விழிக்கிறீர்கள். முகத்தில் தழும்புள்ள இன்னொரு கைதி எழுப்பி, பேரைக் கேட்கிறான். நீங்கள் பெயரைத் தட்டச்சு செய்வது அவனுக்குச் சொல்லும் பதில். அதாவது பெயர் மட்டும் சக கைதிக்கு. மற்றதெல்லாம் அரசுக்கு. கரையில் இறங்கியதும் காவலர் ஒருவர், எங்கிருந்து வந்தாய் என்பது எங்கள் பதிவேட்டில் இல்லையே என்கிறார். அப்போதுதான் இனப் பட்டியல் திறக்கிறது. உள்ளே அழைத்துப் போகிறார்கள். அந்தக் கட்டடத்தின் பெயர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மற்றும் சுங்க அலுவலகம். அங்கே ஒரு முதியவர், பவ்யமாக, தொழில் என்ன என்கிறார். நீங்களே படிவத்தை நிரப்பலாம், இருக்கிற பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அவரே முடிவு செய்துகொள்வார். எந்த நட்சத்திரத்தில் பிறந்தாய் என்பதுகூட விடுபடுவதில்லை. கடைசியில் காகிதம் கையில் வருகிறது. அதை அடுத்த அதிகாரியிடம் காட்டினால் விடுதலை.

வழக்கமாகத் திரைக்கு வெளியே நடக்கிற பாத்திர உருவாக்கத்தை அப்படியே எடுத்து, ஒரு பேரரசின் அலுவலக நடைமுறையாக மாற்றிவிட்டார்கள். பேரரசு உங்களைக் கண்டுபிடிப்பதில்லை. எழுதி, முத்திரை வைத்து, உண்டாக்குகிறது. பல்லி உருவமுள்ள ஆர்கோனியனாகவோ பூனை உருவமுள்ள கஜீத்தாகவோ உங்களைப் பதிந்தாலும் முதியவரின் பணிவில் மாற்றமில்லை. ஆனால் அந்த மாகாணத்தில் இந்த இரண்டு இனத்தாரும் அடிமைகளாக விற்கப்படுகிறவர்கள். தோட்டங்களில் கைவளையம் மாட்டப்பட்ட உங்கள் ஆட்களைப் பிறகு பார்ப்பீர்கள். இந்த இனத்தார் காலில் பூட்ஸ் மாட்ட முடியாது என்று விளையாட்டிலேயே விதி. காலின் அமைப்பு அப்படி என்பது சமாதானம். உடலமைப்பைக் காரணம் காட்டுவது எங்கே போய் முடியும் என்பது நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

அந்தக் கட்டடத்தின் முற்றத்தில் ஒரு பீப்பாய். அதற்குள் ஒரு மோதிரம் கிடக்கும், கை சும்மா இருக்காது, எடுத்துக்கொள்வீர்கள். வெளியே வந்தால் ஃபார்காத் என்ற எளிய மனிதன் எதிரே வந்து, காவலர்கள் பிடுங்கிக்கொண்ட என் மோதிரத்தைப் பார்த்தாயா என்கிறான். இப்போது உங்கள் பையில் இருப்பது அரசு திருடியது, நீங்கள் அரசிடமிருந்து திருடியது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம், யாரும் தண்டிக்கப்போவதில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு கிழவர் காகிதத்தில் எழுதியதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று முதன்முதலாகத் தெரிவது இங்கேதான். இதற்காக ஒரு வெடிகுண்டும் வெடிக்கவில்லை.

விடுதலை என்றேனே, அதையும் பார்க்க வேண்டும். காகிதத்தோடு ஒரு பொட்டலமும் தருகிறார்கள், பால்மோரா என்ற ஊரில் ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி. அவர் பேரரசரின் ஒற்றர் படைத் தலைவர். கைதியை விடுவிப்பதும் உளவாளியாக ஆளெடுப்பதும் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடுகிறது. (இந்த ‘மோரோவிண்ட்’ போகப் போக, உங்களைத் தீர்க்கதரிசனத்தில் சொல்லப்பட்ட நாயகனாக்கிவிடும். அந்த வேகத்தில் தொடக்கத்தில் திறந்த கேள்வி கொஞ்சம் மழுங்கிப்போகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அதே நிறுவனம் 2011-இல் ‘ஸ்கைரிம்’ செய்தபோது இன்னும் கூர்மையான ஒரு கணம் அதன் கையில் இருந்தது. மாட்டிக்கொண்டவர்களை வண்டியில் ஏற்றித் தலை வெட்டக் கொண்டுபோகிறார்கள். எழுத்தர் பட்டியலைப் பார்க்கிறார், உங்கள் பேர் அதில் இல்லை. பட்டியலை விடு, கட்டையில் தலையை வைக்கச் சொல் என்கிறாள் மேலதிகாரி. இதைவிட அரசைப் பற்றி வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் அடுத்த நிமிடம் டிராகன் வந்துவிடுகிறது. தீப்பற்றுகிறது, ஓடுகிறோம், கேள்வி புகையில் போய்விடுகிறது. கோடிக்கணக்கானவர்கள் கொண்டாடிய தொடக்கம் இது. எனக்கோ டிராகன் காப்பாற்றியது என்னை அல்ல, அந்தப் பட்டியலை என்றுதான் படுகிறது.

1999-இல் பிளாக் ஐல் கொடுத்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ வேறொரு வழியில் போனது. பிணக்கிடங்கில், கல்மேடை மேல் விழிக்கிறீர்கள். பெயரில்லை, நினைவில்லை. மிதக்கும் மண்டையோடு ஒன்று பக்கத்தில் வந்து வாயாடுகிறது. முதுகில் ஏதோ பச்சை குத்தியிருக்கிறது என்று சொல்லி வாசித்தும் காட்டுகிறது. என்ன செய்ய வேண்டும், யாரைத் தேட வேண்டும் என்று முந்தைய பிறவியில் நீங்களே எழுதிவைத்தது. தன் முதுகைத் தானே வாசிக்க முடியாது அல்லவா? ஆகவே தன்னைப் பற்றிய எழுத்தை இன்னொருவன் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மண்டையோடு கடைசி வரியை விழுங்கிவிட்டது என்பது வெகுநேரம் கழித்துத் தெரியவரும். மண்டையோட்டை நம்பாதே என்பது அந்த வரி. பிரதி, வாசகன், வாசிப்பின் அரசியல் என்று நாம் கருத்தரங்கு கருத்தரங்காகப் பேசியதை ஒரு முதுகிலும் ஒரு கபாலத்திலும் முடித்துவிட்டார்கள்.

அந்தக் கிடங்கைச் சுற்றிப் பார்த்தால் பிணங்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. தலையில் எண் பொறித்த பிணங்கள். இவர்கள் உயிரோடிருந்தபோது கொஞ்சம் காசுக்காகத் தங்கள் சாவுக்குப் பிந்தைய உழைப்பை ஒப்பந்தம் போட்டு விற்றவர்கள் என்பது பிறகு நகரத்துக்குள் போய்ப் பேசினால் புரியும். கதவின் சாவி அப்படியொரு தொழிலாளிப் பிணத்திடம் இருக்கிறது, கத்தியை எடுத்து அதை விழத்தட்டினால்தான் உங்களுக்கு வழி. கூலியைச் செத்தும் கழித்துக்கொண்டிருக்கிறவனை இரண்டாவது முறை கொல்வதுதான் நாயகனின் முதல் காரியம். முதல்முறை நான் இதைக் கவனிக்கவே இல்லை. என் ஆங்கிலத்தை வச்சுக்கிட்டு, அகராதியும் கையுமாகத் தட்டுத்தடுமாறி, சாவி கிடைத்த சந்தோஷத்தில் போய்விட்டேன்.

கடைசியாக ‘டிஸ்கோ எலிசியம்’, 2019. எஸ்தோனியாவில் கிளைத்த ‘ஸா/உம்’ என்ற குழுவின் வேலை. அதற்கு விருது கொடுத்த மேடையிலேயே மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நன்றி சொன்னார்கள். அதை உருவாக்கியவர்களில் முக்கியமான சிலர் அந்த நிறுவனத்திலேயே இல்லை என்பது 2022-இல் வெளியே வந்தது. அது வேறு கதை, வேறு கதையும் அல்ல.

இங்கே இனப் பட்டியல் கிடையாது. அறிவு, மனம், உடல், கைத்திறன் என்று நான்கே எண்கள், அவையும் பிறகு தலைக்குள் குரல்களாகப் பேசத் தொடங்கிவிடும். இருட்டு. இருட்டில் மூளையின் ஆதிப்பகுதி பேசுகிறது: எழுந்திருக்காதே, இங்கேயே கிட. விழித்தால் கலைந்துபோன ஒரு விடுதி அறை, குடியில் ஊறிய ஓர் உடம்பு, சுற்றுகிற மின்விசிறியில் தொங்கும் கழுத்துப்பட்டை. உடம்புக்கு எண்ணைக் குறைத்துப் போட்டிருந்தால் அந்தக் கழுத்துப்பட்டையை எட்டிப் பிடிக்கப்போய் மாரடைப்பில் செத்துவிடலாம். விளையாட்டு முடிந்தது. அக்காள் மகன் (இப்போது அவனுக்கே பிள்ளை இருக்கிறது) ‘அறிவுல ஃபுல்லா போட்டேன் மாமா, விசிறிகிட்டயே போய்ச் சேந்துட்டேன்’ என்று போனில் சிரித்தான்.

அல்துஸ்ஸர் 1970-இல் எழுதிய கட்டுரையில் தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் விளிக்கும் உதாரணம் வரும். அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கிற அந்தத் திரும்பலில்தான் அவன் தன்னிலை ஆகிறான் என்பது வாதம். ‘டிஸ்கோ எலிசியம்’ அதைத் திருப்பிப் போடுகிறது. அறைக்கு வெளியே புகை பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் பேசினால், நீங்கள்தான் போலீஸ் என்று தெரிகிறது. விளிக்க வேண்டியவனுக்கே தான் யாரென்று தெரியாது. கீழே கிம் கிட்சுராகி என்ற இன்னொரு போலீஸ் அதிகாரி பொறுமையாகக் காத்திருக்கிறார். கொல்லைப்புறத்து மரத்தில் ஏழு நாளாக ஒரு பிணம் தொங்குகிறது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம், தொங்குகிறவன் கம்பெனி பக்கம் கூலிக்கு வந்த ஆள். எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டியவன் தன் முகத்தைக்கூட இன்னும் கண்ணாடியில் சரியாகப் பார்த்திருக்க மாட்டான்.

கீழே உணவுக்கூடத்தில் விடுதி மேலாளர் கணக்கு நோட்டோடு நிற்கிறார். தங்கியதற்கும் உடைத்ததற்கும் 130 ரேயால். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தால் காசு இல்லை. பெயர் தெரிய இன்னும் நெடுநேரம் ஆகும். கடன் தெரிந்துவிட்டது.