காயமுற்ற பிள்ளையும் கதிர்ப்படமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணைகளிலும் காட்டு வழிகளிலும், பாதையற்ற நிலத்திற் செல்லவல்ல நாற்சில்லு ஊர்திகள் பெருவழக்காயுள்ளன. பெரியோர்க்கென அமைந்த இவ்வூர்தி 250 கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிறையுடையதாதலுண்டு. 16 வயதுக்குட்பட்டோர் இதனைச் செலுத்தலாகாதென அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் கழகம் அறிவுறுத்தியும், சிறுவர் பலர் இதனால் விபத்துறுகின்றனர். ஊர்தி கவிழுங்கால் ஓட்டுபவர் தூக்கியெறியப்படுவர். அன்றேல் அதன்கீழ் நசியுண்பர்.

இத்தகைய பிள்ளையை ஏற்கும் வைத்தியர் முன் எழும் வினா, உடலினுள் நிகழ்ந்ததை எங்ஙனம் அறிவது என்பதாம். பிள்ளைகளின் விலாவென்புகள் வளையுந் தன்மை மிக்கன. ஆதலின் என்பு முறியாமலே ஈரலும் மண்ணீரலும் கிழிதல் கூடும். புறத்தோற்றம் மட்டும் கொண்டு முடிவு செய்தல் இயலாது.

சுவாசமும் குருதியோட்டமும் பேணப்படுகையிலேயே நெஞ்சின் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படும். வயிற்றினுட் குருதி கசிந்துள்ளதாவெனக் கழியொலிக் கருவி கட்டிலருகிலேயே காட்டும். ஆயினும் அது ஒன்றுங் காட்டாமை காயமின்மைக்குச் சான்றாகாது. ஐயம் நீங்காதவிடத்து உதவுவது சி.ரி. ஸ்கான். 1971ஆம் ஆண்டில் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் கருவியால் முதன்முதல் ஒரு நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. இன்று அக்கருவி உடலின் குறுக்குவெட்டுக்களைச் சில விநாடிகளிற் காட்டுகின்றது. அதனாற் கிழிவின் அளவையறியும் வைத்தியர், குருதியோட்டம் தளராத பிள்ளைகளுட் பெரும்பாலாரைச் சத்திரசிகிச்சையின்றியே குணப்படுத்துகின்றனர்.

ஆயின் இக்கருவி செலுத்தும் கதிர், சாதாரண நெஞ்சுப்படத்தின் கதிரினும் பன்மடங்காகும். வளரும் இழையங்கள் கதிரால் எளிதிற் பாதிப்புறும். பிள்ளை வாழவேண்டிய காலமும் நீண்டது. இவ்வாறு படமெடுக்கப்பெற்ற பிள்ளைகளிடைக் குருதிப் புற்றுநோயும் மூளைக்கட்டியும் சிறிது மிகுவதை 2012இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று காட்டிற்று. தனியொரு பிள்ளைக்கு அவ்வபாயம் மிகச் சிறிதே. எனினும் வீணே ஏற்கத்தக்கதன்று.

எனவே, எவர்க்குப் படம் வேண்டா என அறிதலும் வைத்தியத்தின் பகுதியாயிற்று. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, தலையிற் காயமுற்ற 42,412 பிள்ளைகளை ஆராய்ந்து விதிகள் வகுத்தது. அறிவுநிலை மாற்றம், மயக்கம், வாந்தி, கடுந்தலைவலி, மண்டையோட்டின் அடி முறிந்தமைக்கான குறி, விபத்தின் கடுமை ஆகிய எவையும் இல்லாதவிடத்து, இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைக்குத் தலையின் ஸ்கான் பொதுவாகத் தேவையில்லை. ஊர்தியினின்று தூக்கியெறியப்படுதல் கடுமையான விபத்தேயாகும். ஆயினும் அஃதொன்றே இருந்து, வேறு குறி எதுவும் இல்லையாயின், உடனே படமெடாது சில மணிநேரம் அவதானித்தலும் தகும்.

சிகிச்சையின் போக்கை மாற்றவல்ல படமே எடுக்கத்தக்க படம். அதனைத் தாமதித்தலும் தேவையற்றதை எடுத்தலும் ஒருங்கே பிள்ளைக்குத் தீங்காம்.